ஓடுவதற்கு முன் விதியைப் படி

அன்புள்ள தம்பிக்கு,

நெல்லித்தோப்பிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. டிசம்பரில்தான் இருபது வயது நிறைகிறது, அதற்குள் ஜூனியர் பிரிவில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்களே என்று பொருமியிருக்கிறாய். நீ பெயர் கொடுத்த போட்டி உலகத் தடகள அமைப்பின் விதியைப் பின்பற்றியது. அதன்படி போட்டி நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31 அன்று 18 அல்லது 19 வயது இருப்பவர்தான் 20 வயதுக்குட்பட்டோர். சில உள்நாட்டுப் போட்டிகளில் சுற்றறிக்கையிலேயே பிறந்த தேதி வரம்பு அச்சாகியிருக்கும். மூத்தோர் தடகளத்தில் 35 வயதிலிருந்து ஐந்தைந்து ஆண்டுப் பிரிவுகள். அங்கே போட்டியின் முதல் நாளில் உள்ள வயதே கணக்கு. ஒலிம்பிக் மாரத்தானுக்கோ ஆண்டு முடிவில் 20 ஆகியிருக்க வேண்டும்.

"வயதைக் குறைத்துக் காட்டினால் என்ன?" என்று யாரோ உன் காதில் ஓதியிருக்கிறார். செவிகொடுக்காதே. வயது மோசடிக்கு எதிராக மத்திய அரசு 2010-லேயே விதித்தொகுப்பு கொண்டுவந்தது. சிறுவர் பிரிவுகளில் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு முதிர்ச்சியைப் பார்க்கிறார்கள். அதையும் ஏய்த்துச் சின்னப் பிள்ளைகளை வென்றவன், பெரியவர்களோடு ஓடும் நாளில் திணறுவான்.

நம் ஊருக்கே உரிய சிக்கல் இன்னொன்று. 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்த குடும்பங்கள் இங்கே நிறைய. 2008 டிசம்பரில் வந்த மத்திய அரசுக் கொள்கைப்படி, இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவரே இந்தியாவுக்காக ஓடலாம். வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை போதாது. உன்னோடு பயிற்சி செய்யும் பிள்ளைகளில் அப்படி யாரேனும் இருந்தால், தேர்வுப் போட்டிக்கு முன்பே சொல்லிவை.

தகுதி எல்லாம் சரியாக இருந்தும் பதக்கம் நழுவலாம். புதுக்கோட்டை லட்சுமணனைப் பார். 2017 புவனேஸ்வர் ஆசியச் சாம்பியன்ஷிப்பில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றவர். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரை 29 நிமிடம் 44.91 விநாடியில் மூன்றாவதாக முடித்தார். தடத்தின் உள்விளிம்பைத் தாண்டிக் கால் வைத்ததாகத் தகுதிநீக்கம். வெண்கலம் சீன வீரருக்குப் போனது. வளைவில் ஒருமுறை கால் தவறினால் பொறுக்கும் தளர்வு 2021-இல்தான் வந்தது. அன்றைய விதிதான் அன்றைய தீர்ப்பு.

பரிசு விஷயமும் இப்படித்தான். உலகத் தடகள விதிப்படி இடங்கள் கோட்டைக் கடக்கும் வரிசையில். துப்பாக்கி வெடித்ததிலிருந்தே நேரம் ஓடும். நீ தொடக்கக் கோட்டைத் தாண்டியதிலிருந்து உன் சிப் காட்டும் நேரம் குறைவாக இருந்தாலும் இடம் மாறாது. சாலை ஓட்டங்கள் சிலவற்றில் வயதுப் பிரிவுக்கு மட்டும் சிப் நேரத்தைக் கொள்வார்கள். ஒட்டுமொத்தப் பரிசு பெற்றவருக்குப் பிரிவுப் பரிசு தராததும் உண்டு. நண்பனின் எண் அட்டையைக் குத்திக்கொண்டு ஓடாதே. அவன் வயதில் உன் நேரம் பதிவாகி, உரியவரின் பரிசு பறிபோகும்.

இவை எதுவும் வேண்டாம், ஓடினால் போதும் என்று தோன்றும் நாளில் ஆரோவில் மாரத்தானுக்குப் போ. 2008-இல் தொடங்கிய அந்த ஓட்டத்தில் முதலிடமும் இல்லை, பரிசும் இல்லை. ஆனால் சாம்பியன்ஷிப்பில் பெயர் கொடுத்தால் அதன் விதிகளையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறாய்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் மூன்றைக் கேட்டுக்கொள்: வயதுக்கு எந்தத் தேதி, பரிசுக்கு எந்த நேரம், முறையீட்டை யாரிடம் தருவது. உலகத் தடகள விதிப்படி நடக்கும் போட்டியில், முடிவு அறிவித்த 30 நிமிடத்துக்குள் முறையிடாவிட்டால், பிறகு புலம்பிப் பயனில்லை.

அன்புடன்,
உன் அண்ணன்