ஓவர்கிளாக் செய்த பின் கம்ப்யூட்டர் தகராறு செய்கிறதா?

ப்ராசசர் ஒவ்வொன்றுக்கும் அதைத் தயாரித்த நிறுவனம் ஒரு வேகத்தை வரையறுத்துத் தருகிறது. அந்த வேகத்தையும் தாண்டி அதனை இயக்குவதையே ஓவர்கிளாக்கிங் என்கிறோம். 1998ல் வெளியான இன்டெல் செலரான் 300ஏ இதற்குப் பெயர் பெற்றது. மதர்போர்டின் பஸ் வேகத்தை 66லிருந்து 100 மெகாஹெர்ட்ஸாக மாற்றி, 300 மெகாஹெர்ட்ஸ் ப்ராசசரைப் பலர் 450 மெகாஹெர்ட்ஸில் இயக்கினர். இன்றைய கம்ப்யூட்டர்களில் அடிப்படை வேகம் பொதுவாக 100 மெகாஹெர்ட்ஸ். அதைத் தொடாமல் பெருக்கல் எண்ணை மட்டும் உயர்த்துகிறோம். அந்த எண் 45 என்றால் வேகம் 4.5 கிகாஹெர்ட்ஸ், 47 என்றால் 4.7 கிகாஹெர்ட்ஸ்.

இதில் கம்ப்யூட்டர் நின்று போவதை விட, நிற்காமல் தவறாக இயங்குவதுதான் பெரிய ஆபத்து. ப்ராசசரோ மெமரியோ ஒரு கணக்கைத் தவறாகச் செய்தால், நீங்கள் சேவ் செய்திடும் போட்டோவும் பைலும் சத்தமில்லாமல் கெட்டுப் போகலாம். எனவே முதலில் முக்கிய பைல்களை வேறு டிஸ்க்கில் காப்பி எடுத்து வையுங்கள்.

முதல் சோதனை

பயாஸ் திரைகளை மொபைல் போனில் படம் எடுத்துக் கொள்ளுங்கள். விண்டோஸில் பிட்லாக்கர் இயங்கினால் அதன் ரெகவரி கீயையும் குறித்து வையுங்கள். பிறகு பயாஸில் டிஃபால்ட் செட்டிங்ஸைத் தேர்ந்தெடுத்து சேவ் செய்திடுங்கள். விண்டோஸ் திறக்க மறுத்தால், டிஸ்க் தொடர்பான செட்டிங் மாறியுள்ளதா என்று படத்துடன் ஒப்பிடுங்கள். டிஃபால்ட் நிலையில் பிரச்னை மறைந்தால் காரணம் ஓவர்கிளாக்தான். மறையாவிட்டால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது. இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்கள் சிலவற்றில், அளவுக்கு அதிகமான வோல்டேஜால் கோளாறு ஏற்படுவதை 2024ல் அந்நிறுவனமே ஒப்புக் கொண்டது. அவற்றை வைத்திருப்போர் பயாஸை அப்டேட் செய்வது அவசியம்.

திரையில் எதுவுமே வரவில்லையா?

பயப்பட வேண்டாம். பல மதர்போர்டுகள் சில முறை முயன்ற பின் தாமாகவே பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும். திரும்பாவிட்டால் பவர் கேபிளைக் கழற்றி, மதர்போர்டில் உள்ள வட்டமான 3 வோல்ட் பேட்டரியைச் சில நிமிடங்கள் எடுத்து வைத்து மீண்டும் பொருத்துங்கள். சிமாஸை அழிப்பதற்கான ஜம்பர் எங்குள்ளது என்பது மதர்போர்டு கையேட்டில் இருக்கும்.

புளூ ஸ்கிரீன் வருகிறதா?

விண்டோஸ் திறக்கும்போதோ, வேலையின் நடுவிலோ நீலத் திரை வந்தால், அந்த வேகத்துக்கு வோல்டேஜ் போதவில்லை என்பது ஒரு முக்கிய காரணம். பெருக்கல் எண்ணை ஒன்று குறைத்துப் பாருங்கள். மெமரியையும் மறக்காதீர்கள். எக்ஸ்.எம்.பி., எக்ஸ்போ என்ற செட்டிங்குகளும் ஒரு வகை ஓவர்கிளாக்தான். அவற்றை நிறுத்திவிட்டு மெம்டெஸ்ட்86 மூலம் மெமரியைச் சோதித்திடுங்கள். அதில் ஒரு பிழை வந்தாலும் அந்த செட்டிங்கை நம்ப முடியாது.

கேம் ஆடும்போது மட்டும் தொல்லையா?

வேகம் திடீரெனக் குறைந்தால் சூட்டைச் சந்தேகியுங்கள். ப்ராசசர் தன் வெப்ப வரம்பை நெருங்கியதும் தானே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். இந்த வரம்பு பல ப்ராசசர்களில் 90 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். ஃபேன் சுற்றுகிறதா, ஹீட்சிங்கில் தூசி அடைத்துள்ளதா, தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டதா என்று பாருங்கள். நீலத் திரை கூட வராமல் சட்டென அணைந்தால், சூட்டோடு பவர் சப்ளையின் திறனையும் கவனியுங்கள்.

வோல்டேஜில் கை வைக்கும் முன்

மின்செலவு வேகத்துடன் நேராகவும், வோல்டேஜுடன் அதன் இருமடியாகவும் ஏறும். இரண்டையும் 10 சதவீதம் உயர்த்தினால் 100 வாட் சுமார் 133 வாட் ஆகிவிடும். வேகமோ பத்துதான் கூடியது. வெப்பம் முப்பத்து மூன்று கூடிவிட்டது! வேகத்தைக் குறைத்தால் தீரும் பிரச்னைக்கு வோல்டேஜை ஏற்றாதீர்கள். அதிக வோல்டேஜால் ப்ராசசர் பழுதானால் பயாஸை மாற்றிச் சரி செய்ய முடியாது. வாரன்டியும் கைவிட்டுப் போகலாம்.

புரோகிராமில் பிழை தேடும்போது ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்வோம். இங்கும் அதே விதிதான். ஒன்றை மாற்றுங்கள், பிரைம்95 போன்ற புரோகிராமைச் சில மணி நேரம் ஓட விடுங்கள், முடிவை நோட்டில் எழுதுங்கள். பிழை காட்டினால் ஒரு படி இறங்குங்கள். தடுமாறும் 4.7 கிகாஹெர்ட்ஸை விட, தடுமாறாத 4.6 கிகாஹெர்ட்ஸ்தான் உங்கள் பைல்களுக்குப் பாதுகாப்பு.