சூலையும் நரம்புத் தடை ஊசியும்

தீராத வயிற்றுவலியைச் சூலை என்பது நம் பழைய வழக்கு. திருநாவுக்கரசரைத் திருவதிகைக்கு வரச் செய்ததும் சூலை நோயே என்று பெரியபுராணம் கூறும். இந்த ஒரு பெயருக்குள் பல நோய்கள் அடங்கும். அவற்றுள் ஒன்று நாட்பட்ட கணைய அழற்சி.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் குறுக்காக அமைந்த சுரப்பி. செரிமான நொதிகளையும் இன்சுலினையும் சுரப்பது அதுவே. நெடுநாள் அழற்சியால் அதன் திசு இறுகும். நாளத்தில் கற்களும் சேரலாம். அப்போது மேல்வயிற்றில் எழும் வலி முதுகுவரை ஊடுருவும். உண்டபின் வலி மிகுவதால் நோயாளி சோற்றுக்கே அஞ்சி மெலிகிறார்.

மது இந்நோய்க்கு முக்கியக் காரணம். ஆனால் ஒரே காரணமன்று. கேரளத்து மருத்துவர் பி. ஜே. கீவர்கீஸ் கணையக் கற்களும் நீரிழிவும் கொண்ட இளைஞர்களை ஆராய்ந்து 1968இல் நூல் வெளியிட்டார். மதுவைத் தொடாதோருக்கும் வரும் இவ்வகை நோய் தமிழ்நாட்டிலும் உண்டு. மரவள்ளிக்கிழங்கின்மேல் எழுந்த ஐயம் உறுதிப்படவில்லை. ஸ்பிங்க்-1 என்னும் மரபணுவின் மாற்றம் நோயாளிகள் பலரிடம் காணப்பட்டது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. செட்டியார்பட்டியில் என் தாய்மாமன் மதுவைத் தொட்டதே இல்லை. அவர் வலியில் சுருண்டு கிடந்தபோது, "குடிச்சே கெடுத்துக்கிட்டான்" என்றனர் சிலர்; "வேலைக்குப் போகச் சோம்பல்" என்றனர் சிலர். வலியைவிட அச்சொற்களே அவரை அதிகம் வருத்தின. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவன் நான். ஆகவே என்னிடம் கேட்டார்: "முதுகுல ஊசி போட்டா வலி ஒரேயடியாப் போயிருமா மாப்ளே?"

அதற்கு விடை காண வலி செல்லும் வழியை அறிய வேண்டும். கணையத்தின் உணர்விழைகள், பெருந்தமனியின் முன்புறமுள்ள சீலியாக் நரம்புப் பின்னலைக் கடந்து, ஸ்பிளாங்க்னிக் நரம்புகள் வழியே தண்டுவடத்தை அடைகின்றன. அப்பின்னலருகே மருந்து செலுத்தினால் செய்தி இடைவழியில் நின்றுவிடும். முதுகுப்புறமாக ஊசி செலுத்தும் முறையை ஜெர்மானியரான காப்பிஸ் 1914இல் விளக்கினார். இன்று எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் ஆகியவற்றின் துணையால் ஊசியின் பாதையைப் பார்த்தே செலுத்துகின்றனர். எண்டோஸ்கோப்புடன் இணைந்த அல்ட்ராசவுண்ட் கருவியால் இரைப்பை வழியாகவும் செலுத்துவதுண்டு.

இந்நோய்க்குப் பெரும்பாலும் பூப்பிவக்கெய்ன் என்னும் மரக்கச் செய்யும் மருந்தோடு ஸ்டீராய்டும் சேர்ப்பர். நரம்பையே அழிக்கும் ஆல்கஹால் ஊசி முக்கியமாகக் கணையப் புற்றுநோய்க்கு உரியது. பரிவு நரம்புகளும் தடைபடுவதால் இரத்த அழுத்தம் குறையலாம்; வயிற்றுப்போக்கு வரலாம். மிக அரிதாகக் கால் செயலிழப்பும் நேர்ந்துள்ளது.

பயன் எவ்வளவு? ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வலி தணிகிறது. அதுவும் சில வாரங்கள் அல்லது சில மாதங்களே. பல்லாண்டு வலியால் தண்டுவடமும் மூளையும் கூருணர்வு பெற்றுவிட்டால், இடைவழித் தடை மட்டும் போதாது. கல்லகற்றல், நாளத்தை வடியச் செய்யும் அறுவை, நொதி மாத்திரை, மதுவையும் புகையிலையையும் அறவே விலக்கல் ஆகியவற்றோடு இதுவும் ஒரு துணை. "ஒரேயடியாப் போகாது மாமா, கொஞ்ச நாள் மூச்சுவிட இடம் கொடுக்கும்" என்றேன்.

நண்பர்களே, வலியை அளக்கத் தராசு இல்லை. வலிப்பவர் சொல்லே சான்று. ஊசி போடுவது மருத்துவர் கடன். அதற்கு முன்னே அச்சொல்லை நம்புவது நம் கடன்.