கார் ஏசியில் துர்நாற்றம்: காரணம் அறிந்து களைதல்

கார் வாங்கக் கடன் பெறும்போது தவணை, வட்டி, காப்பீடு ஆகியவற்றை நாம் கணக்கிட்டுப் பார்க்கிறோம். பராமரிப்புச் செலவு பெரும்பாலும் அக்கணக்கில் ஏறுவதில்லை. அதில் ஒரு சிறு இனத்தை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம். ஏசியை இயக்கியதும் காற்றுத் துளைகளின் வழியே வீசும் துர்நாற்றமே அது. பலரும் இதற்கு வாசனைப் புட்டி ஒன்றை வாங்கி டாஷ்போர்டில் வைத்துவிடுகின்றனர். நாற்றம் மறைகிறது, காரணம் மறைவதில்லை. சில வேளைகளில் உயிர் காக்கும் எச்சரிக்கையே அவ்வாறு மறைக்கப்பட்டுவிடுகிறது.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த பெங்களூருவில் இத்தொல்லைக்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. சென்னையில் கார் ஓடும் நேரமெல்லாம் ஏசியும் ஓடும். அல்சூரை அடுத்த மர்பி டவுனிலிருந்து எம்.ஜி. சாலைக்கோ இந்திராநகருக்கோ செல்பவர் பத்து நிமிடம் ஏசியை இயக்கிப் பின் அணைத்துவிடுவார். மழையில் கண்ணாடி மங்கினால் மீண்டும் இயக்குவார். டாஷ்போர்டின் உள்ளே ஆவியாக்கி என்னும் பாகம் இருக்கிறது. மெக்கானிக்குகள் அதைக் 'கூலிங் காயில்' என்பர். குளிர்ந்த நீருள்ள சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பது போல அதன்மீது நீர் படிகிறது. ஏசியை அணைத்துக் காரைப் பூட்டிவிட்டால் அந்த ஈரம் இருட்டில் அப்படியே நிற்கும். அதில் தூசியும் மகரந்தமும் ஒட்ட, பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்கின்றன. ஆஸ்துமா, ஒவ்வாமை உடையோருக்கு இக்காற்று நல்லதன்று.

நாற்றம் எப்போது வருகிறது என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். இயக்கிய முதல் ஓரிரு நிமிடங்களில் ஈரத்துணியின் வாடையோ புளித்த வாடையோ வீசிப் பின் தணிந்தால், குற்றம் பெரும்பாலும் ஆவியாக்கியில் இருக்கும். வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் நிலையில் மட்டும் நாற்றம் வந்தால், முன் கண்ணாடியின் அடியில் உள்ள காற்று நுழைவாயிலைப் பார்க்க வேண்டும். தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தும் கார்களில் அதன் சிற்றிலைகள் அங்கே குவிந்து மழையில் அழுகுவது வழக்கம். நாளுக்கு நாள் மிகும் பிணவாடை என்றால் எலி செத்துக் கிடக்கக்கூடும். முன் இருக்கையின் கால்விரிப்பு நனைந்திருந்தால் ஏசியின் நீர்வடி குழாய் அடைபட்டிருக்கலாம். ஏசி கால்மணி நேரம் ஓடிய பின் காரின் அடியில் நீர் சொட்டுகிறதா என்று பார்த்தால் போதும். ஈரப்பதம் மிகுந்த நாளிலும் சொட்டவில்லையெனில் அடைப்பை ஐயுறலாம்.

மேற்கூறியவை பொறுத்திருந்து சரிசெய்யத் தக்கவை. வேறு சில வாடைகள் பொறுக்கத் தக்கவை அல்ல. இனிப்பான வாடையுடன் கண்ணாடியில் பிசுபிசுப்பான மங்கல் படிந்தால், ரேடியேட்டர் கூலண்ட் கசிந்து உள்ளே வருகிறது என்று பொருள். அது நச்சுப் பொருள். பெட்ரோல் வாடையோ வயர் கருகும் வாடையோ வந்தால் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, எல்லோரும் இறங்கிவிட வேண்டும். புகைக்குழாயின் வாடை உள்ளே வந்தால் கண்ணாடிகளை முழுதும் இறக்கி, உடனே பணிமனையை நாட வேண்டும். அப்புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்குத் தனக்கென வாடையே இல்லை. உடன் வரும் புகைவாடை நமக்குக் கிடைக்கும் ஓர் அறிகுறி. எஞ்சினை ஓடவிட்டு, ஏசியில் கண்ணாடியை ஏற்றி உறங்கியவர்கள் மாண்ட செய்திகளை நாம் படித்திருக்கிறோம்.

ஈரவாடையைப் போக்கும் வழி எளிது. முதலில் கேபின் ஃபில்டரை மாற்ற வேண்டும். பல கார்களில் அது கிளவ் பாக்ஸின் பின்னால் இருக்கும். கைப்புத்தகத்தைப் பார்த்து நாமே மாற்றிவிடலாம். ஆண்டுக்கு ஒருமுறையேனும் மாற்றுவது நன்று. தட்டி உதறித் திரும்பப் பொருத்துவது வீண் சிக்கனம். அடுத்து, நுழைவாயிலில் உள்ள சருகுகளை அகற்றி, நீர்வடி குழாயின் அடைப்பை நீக்கச் செய்ய வேண்டும். அதன் பிறகும் வாடை நீங்காவிடில், ஆவியாக்கிக்கென உள்ள நுரை மருந்தைக் கொண்டு பணிமனையில் சுத்தம் செய்துகொள்ளலாம். டாஷ்போர்டையே கழற்ற வேண்டும் என்று எடுத்த எடுப்பில் கூறுவோரிடம் காரணத்தை எழுதித் தரக் கேட்பதில் தவறில்லை. மீண்டும் வராதிருக்க, வீடு சேர மூன்று நான்கு நிமிடங்கள் இருக்கும்போதே ஏசியை அணைத்து, காற்றாடியை மட்டும் வெளிக்காற்று நிலையில் ஓடவிட வேண்டும். ஆவியாக்கி உலர்ந்துவிடும். இதற்குச் செலவே கிடையாது.

ஃபில்டர், சுத்தம் செய்தல் போன்ற தேய்மான, பராமரிப்புச் செலவுகளைக் காப்பீடு ஏற்பதில்லை. எலி கடித்த வயருக்கு இழப்பீடு உண்டா என்பதைப் பாலிசி ஆவணத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்போருக்கு அது கிடைக்காது.

பயன்படுத்திய கார் வாங்கக் கடன் கேட்போர் மூக்கையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும். சென்னையில் 2015 டிசம்பரிலும், பெங்களூருவில் 2022 செப்டம்பரிலும் ஏராளமான கார்கள் வெள்ளத்தில் மூழ்கின. மூழ்கிய கார்கள் துடைக்கப்பட்டுச் சந்தைக்குத் திரும்பி வருவதுண்டு. கண்ணாடிகளை ஏற்றி, வாசனைப் புட்டியை அகற்றச் சொல்லி, வெயிலில் சற்று நேரம் நிறுத்திய பின் கதவைத் திறந்து முகர வேண்டும். சேற்றுவாடை வந்தால் சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துக் கறை உண்டா என்றும், கால்விரிப்பின் அடியிலும் ஸ்டெப்னி வைக்கும் குழியிலும் வண்டல், துரு உண்டா என்றும் பார்க்க வேண்டும். விற்பவரிடம் முந்தைய காப்பீட்டுக் கோரிக்கைகளின் விவரத்தைக் கேட்டுப் பெற்ற பிறகே முன்பணம் தர வேண்டும்.