பீரோ கதவில் ஒரு நியமன உத்தரவு

கேள்வி: போதகர் ஐயா, என் மகன் பி.காம். முடித்துவிட்டு வங்கித் தேர்வுக்குப் படிக்கிறான். இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் சொற்ப மார்க்கில் போய்விட்டது. இப்போது ஒரு மனவளப் பயிற்சி வகுப்பில் சேர்ந்திருக்கிறான். காலையில் எழுந்ததும் கண்ணாடி முன்னால் நின்று, வேலை கிடைத்துவிட்டது, நன்றி என்று 21 தடவை சொல்கிறான். தன் பெயருக்கு ஒரு நியமன உத்தரவைக் கம்ப்யூட்டரில் அடித்து பீரோ கதவில் ஒட்டியிருக்கிறான். ஆழ்மனம் நம்பிவிட்டால் நடந்துவிடுமாம். "பைபிள்லயே இருக்கும்மா" என்று நீதிமொழிகள் 23:7-ஐயும் மாற்கு 11:24-ஐயும் காட்டுகிறான். இது பிசாசின் வேலை, கிழித்துப் போடு என்கிறார் என் நாத்தனார். கிழிக்கவா, விடவா?
— ஒரு தாய், நாசரேத்

பதில்: கிழிக்காதீர்கள், சகோதரி. இரண்டு முறை தோற்ற பிள்ளை தனக்குத்தானே உத்தரவு அடித்துக்கொள்கிறான் என்றால், அந்தத் தாளில் எனக்குப் பிசாசு தெரியவில்லை, பயம்தான் தெரிகிறது. உங்கள் நாத்தனாருக்கும் என் ஸ்தோத்திரத்தைச் சொல்லுங்கள்.

ஆனால் அவன் காட்டிய வசனங்களை விட்டுவிட முடியாது. நீதிமொழிகள் 23:7-ஐத் தனியாகப் படித்தால், மனதில் நினைப்பதுபோலவே மனிதன் ஆகிறான் என்ற மாதிரிதான் தொனிக்கும். ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயர் 1903-இல் எழுதிய புகழ்பெற்ற சுயமுன்னேற்ற நூலின் தலைப்பே இந்த வசனத்திலிருந்து எடுத்ததுதான். இன்றிரவு மகனோடு உட்கார்ந்து 6-ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். அது ஒரு பந்தி விஷயம். வன்கண்ணன் ஒருவன் விருந்துக்குக் கூப்பிடுகிறான். வாய் நிறைய "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்கிறான். உள்ளுக்குள் ஒவ்வொரு கவளத்தையும் எண்ணிக்கொண்டிருக்கிறான். அவன் உபசாரத்தை நம்பாதே, உள்ளே நினைப்பதுதான் அவன் என்கிறது வசனம். வாய் சொல்வதும் மனம் நினைப்பதும் வேறுவேறாக இருக்கும் ஆளைப் பற்றிய எச்சரிக்கை அது. கண்ணாடி முன்னால் 21 தடவை சொல்வதற்கு இதைவிடப் பொருந்தாத வசனம் கிடைப்பது கஷ்டம்.

இந்தப் பயிற்சி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பாதி வழி நம் வீட்டுத் திண்ணை வழியாகத்தான். எமில் குவே என்ற பிரெஞ்சு மருந்துக்கடைக்காரர், நாளுக்கு நாள் நலமடைகிறேன் என்ற பொருளில் ஒரு வாக்கியத்தைக் காலையும் இரவும் 20 தடவை சொல்லச் சொன்னார். எண்ணிக்கை தவறாமலிருக்க 20 முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றை விரலில் உருட்ட வேண்டும். நம் கத்தோலிக்கச் சகோதரர்கள் ஜெபமாலை உருட்டுவதைப் பார்த்தவர்களுக்குக் கயிறு புதிதல்ல. அங்கே மணியை உருட்டுகிறவர் இன்னொருவரிடம் பேசிக்கொண்டிருப்பார் என்பதுதான் வித்தியாசம். ஆழ்மனச் சக்தி பற்றி 1963-இல் ஜோசப் மர்ஃபி எழுதிய புத்தகம் தமிழிலும் சக்கைப்போடு போடுகிறது. அவரும் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு சபையில் பிரசங்கம் செய்தவர்தான். நேர்மறைச் சிந்தனை பற்றி 1952-இல் எழுதிய நார்மன் வின்சென்ட் பீல் நியூயார்க்கில் போதகர். ஆகவே வசனம் கலந்து வருவதில் ஆச்சரியமில்லை.

தனக்குத்தானே பேசுவது பாவமா? இல்லை. 42-ஆம் சங்கீதத்தைப் பாடியவர் தன் ஆத்துமாவைப் பிடித்து உட்கார வைத்து, ஏன் இப்படிக் கலங்குகிறாய் என்று கேட்கிறார். கலக்கத்தை மறைக்கவில்லை, கண்ணீர்தான் இரவும் பகலும் தனக்கு உணவு என்று ஒப்புக்கொண்ட பிறகே ஆறுதல் சொல்கிறார். கண்ணை மூடிக் கற்பனை செய்வதும் தவறில்லை, எதைக் கற்பனை செய்கிறோம் என்பதில்தான் விஷயம். அமெரிக்க உளவியலாளர் ஷெல்லி டெய்லரும் லியன் ஃபாமும் கலிபோர்னியாவில் மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு 1999-இல் வெளிவந்தது. நல்ல மார்க் வாங்கியதாகக் கற்பனை செய்தவர்கள் குறைவாகப் படித்தார்கள், மார்க்கும் குறைந்தது. புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்து படிப்பதாகக் கற்பனை செய்தவர்களுக்கு மார்க் கூடியது. மகனிடம் இதைச் சொல்லுங்கள். உத்தரவுக்குப் பக்கத்தில் அவன் படிக்கும் நேர அட்டவணையும் இருக்கட்டும்.

இனி மாற்கு 11:24. கேட்டதைப் பெற்றுக்கொண்டோம் என்று விசுவாசியுங்கள் என்று கற்றுக்கொடுத்தவர், அதே புத்தகத்தில் மூன்று அதிகாரம் தள்ளி, கெத்செமனேயில் தரையில் விழுந்து கிடக்கிறார். பாத்திரம் நீங்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கிறார், முடிவைப் பிதாவிடம் விட்டுவிடுகிறார். பாத்திரம் நீங்கவில்லை. பயிற்சி வகுப்புக் கணக்கில் அது தோற்றுப்போன ஜெபம், கேட்டவர் சரியாக நம்பவில்லை என்று எழுதிவிடுவார்கள். எனக்கு இந்தப் போதனையில் உறுத்துவது இந்த இடம்தான். நடந்தால் முறையின் மகிமை, நடக்காவிட்டால் பிள்ளையின் குற்றம்.

வகுப்புக்காரர்களை மட்டும் சொல்வானேன்? நாமும் புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டையை லாட்டரிச் சீட்டு மாதிரி எடுக்கிறோம். வாயால் அறிக்கையிட்டு உரிமை பாராட்டுங்கள் என்று மேடையில் முழங்குகிறோம். பல வருஷங்களுக்கு முன் எங்கள் சபை அம்மா ஒருவரை மருத்துவமனையில் பார்க்கப் போனேன். தலைமாட்டில் ஒரு சார்ட் பேப்பர், அதில் ஸ்கெட்ச் பேனாவால் 'நான் சுகமாகிவிட்டேன்' என்று எழுதியிருந்தது. அவர் முனகினால்கூட, "அவிசுவாச வார்த்தை பேசாதீங்கம்மா" என்று பிள்ளைகள் அடக்கினார்கள். அவர்கள் காப்பி வாங்கக் கீழே போன நேரம், அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, வலிக்குன்னு கர்த்தர்ட்ட சொல்லலாம்லா?" என்று கேட்டார். "சொல்லுங்கம்மா" என்றேன். சொன்னார். அன்றைக்கு நான் செய்ய வேண்டிய ஜெபம் வேறு எதுவும் மிச்சமிருக்கவில்லை.

உங்கள் மகனும் யாரிடமாவது பயமாயிருக்கிறது என்று சொல்ல வேண்டும். கண்ணாடியிடம் அதைச் சொல்ல வகுப்பில் அனுமதியில்லை. குடும்ப ஜெபத்தில், வேலை கிடைக்க வேண்டும் என்று நீங்கள் முந்திக்கொண்டு ஜெபிக்காமல், அவனைப் பேசவிடுங்கள். ஒரு நிமிடம் அமைதியாக இருந்தாலும் பரவாயில்லை, "ஆமென்" போட்டு முடித்துவிடாதீர்கள்.

இன்னொன்று. தேர்வு முடிவு வரும் நாளில் வீட்டில் என்ன சமையல் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். அவனுக்குப் பிடித்ததாக இருக்கட்டும். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அதையே சமைக்கப்போகிறீர்கள் என்று அவனிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.