விண்டோஸ் மாற்றியபின் 'டி' டிரைவைக் காணவில்லையா?

பதுளை, பசறை, பண்டாரவளைக் கடைகளில் தோட்டத்து மக்களின் கடன் கணக்கு முன்பு கொப்பியில் இருந்தது. இன்று பல கடைகளில் அது கணனியில் இருக்கிறது. 2025 ஒக்டோபர் 14 இல் விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு முடிவடைந்தது. விண்டோஸ் 11 க்கு மாறிய வியாபாரிகள் சிலர் என்னிடம் கேட்பது இதுதான்: "நானா, டி டிரைவைக் காணோம். சம்பள நாளும் வருது. கணக்கெல்லாம் போயிட்டா?"

அநேகமாகப் போயிருக்காது. டிரைவின் எழுத்து மட்டும் விடுபட்டிருக்கலாம். "ஃபோர்மட் செய்யவா?" என்று கணனி கேட்டால் சம்மதிக்க வேண்டாம். பின்வரும் ஒழுங்கில் பாருங்கள்.

1. ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து 'டிஸ்க் மெனேஜ்மென்ட்' திறவுங்கள். எழுத்தில்லாத பகுதி தெரிந்தால், அதில் வலது கிளிக் செய்து பழைய எழுத்தையே கொடுங்கள். எழுத்து மாறினால் கணக்கு மென்பொருள் தன் கோப்பைக் கண்டுபிடிக்காது.

2. 'ஓஃப்லைன்' என்றிருந்தால் 'ஒன்லைன்' ஆக்குங்கள். 'நொட் இனிஷியலைஸ்ட்' என்றிருந்தால் எதையும் அழுத்தாமல் திருத்துநரிடம் காட்டுங்கள்.

3. அங்கும் தெரியாவிட்டால் மின்சாரத்தைத் துண்டித்து, டிஸ்க்கின் வயரைக் கழற்றி இறுக்கிப் பொருத்துங்கள். பிறகு பயொஸ் திரையைப் பாருங்கள். அதிலும் இல்லையென்றால் கோளாறு வயரிலோ டிஸ்க்கிலோ இருக்கலாம். பயொஸில் இருந்து விண்டோஸில் இல்லையென்றால், கணனித் தயாரிப்பாளரின் இணையத்தளத்திலுள்ள ஸ்டோரேஜ் டிரைவரை நிறுவ வேண்டிவரலாம்.

4. டிரைவில் பூட்டு அடையாளம் இருந்தால் அது பிட்லொக்கர். அதற்கு 48 இலக்க மீட்புச் சாவி தேவை. உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் தேடுங்கள். கடவுச்சொல்லும் சாவியும் இல்லையென்றால் எந்தத் திருத்துநராலும் திறக்க முடியாது.

பழைய விண்டோஸின் மேலேயே புதியதை ஏற்றியிருந்தால், 10 நாட்களுக்குள் 'கோ பேக்' மூலம் பழையதற்குத் திரும்பலாம். அதற்கு முன்பும் கணக்கைப் பிரதி எடுத்துவிடுங்கள்.

இனி மாற்றப் போகிறவர்கள் முதலில் கணக்கு முழுவதையும் ஒரு வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்து, அது திறக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 2014 இல் மீரியபெத்தையில் மண் சரிந்ததைக் கண்ட மாவட்டம் எமது. எனவே அந்த டிஸ்க்கைக் கடையில் வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள். கணக்கு அழிந்தால் கடன் கொடுத்தவருக்கு மட்டுமல்ல, கொடுத்துத் தீர்த்த தோட்டத் தொழிலாளிக்கும் அத்தாட்சி இல்லாமற் போகும்.