பால் வேண்டாம் என்கிற பிள்ளைக்குச் சத்து எப்படி?

(இந்த மாதப் பாடம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசுவதற்கு.)



சாக்கோட்டை, கல்லல் ஒன்றியங்களில் குழுக் கூட்டங்களுக்கு நாங்கள் போகும்போது, சேமிப்பும் கடன் வசூலும் முடிந்து நோட்டை மூடிய பிறகு, இளம் தாய்மார்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பிள்ளைக்கு ஒன்றரை வயசாகுது. பாலைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கிறான். 'பால் குடிக்காத பிள்ளை எப்படித் தேறும்'னு வீட்ல அப்பத்தா என்னையத்தான் திட்டுறாக. என்ன செய்றது?"

இந்தக் கேள்விக்கு வீடுகளில் மூன்று விதமாகப் பதில் தேடுகிறார்கள். ஒன்று, மூக்கைப் பிடித்துப் பாலை வாயில் ஊற்றுவது. இரண்டு, விலை உயர்ந்த மாவு டப்பா வாங்கிப் பாலில் கலந்து கொடுப்பது. மூன்று, "சரி, இதையாவது தின்னட்டும்" என்று டீயும் பிஸ்கட்டும் கொடுத்துப் பழக்குவது. மூன்றும் பிள்ளைக்கு நல்லதில்லை. அப்படியானால் வேறு என்ன வழி? அதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

பாலில் அப்படி என்ன இருக்கிறது?

பால் நல்ல உணவுதான், சந்தேகமில்லை. அதில் எலும்புக்கும் பல்லுக்கும் வேண்டிய சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. உடம்பு வளரப் புரதம் இருக்கிறது. கொழுப்பும், பி12 போன்ற வைட்டமின்களும் இருக்கின்றன. ஆனால் இவை பாலில் மட்டும்தான் கிடைக்கும் என்று இல்லை.

பாலில் இல்லாத ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். பாலில் இரும்புச்சத்து இல்லை என்றே சொல்லலாம். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடிக்கிற பிள்ளைக்கு வயிறு நிரம்பிவிடும், சோறு இறங்காது, ரத்தசோகை வரும். 2019-21ல் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பது தெரிந்தது. பாதிக்கும் மேல்! ஆகவே பால் குடிக்கிற பிள்ளை என்றால் கவலை இல்லை, குடிக்காத பிள்ளை என்றால் கவலை என்று பிரித்துப் பார்ப்பது தவறு. இரண்டு பிள்ளைகளுக்கும் நல்ல சாப்பாடு வேண்டும்.

ஏன் மறுக்கிறது?

முதலில் காரணத்தைப் பார்க்க வேண்டும்.

1. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளையா? இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தாய்ப்பால் நன்றாகக் குடிக்கும் பிள்ளை மாட்டுப்பால் வேண்டாம் என்றால் அதில் குறை ஒன்றும் இல்லை.

2. கட்டாயப்படுத்தினோமா? ஊற்றி ஊற்றிப் பழக்கினால், டம்ளரைப் பார்த்ததுமே பிள்ளைக்குப் பயம் வரும். அழும்போது ஊற்றினால் பால் மூச்சுக்குழாயில் ஏறிவிடும். இது உயிருக்கே ஆபத்து.

3. ஆடை, வாசனை, சூடு பிடிக்கவில்லையா? வடிகட்டி, வெதுவெதுப்பாக, சின்ன டம்ளரில் கொடுத்துப் பாருங்கள். சில பிள்ளைகள் இரண்டு மூன்று வாரம் கழித்துத் தானாகவே கேட்கும்.

4. பால் ஒத்துக்கொள்ளவில்லையா? பால் குடித்த பிறகு தடிப்பு, வாந்தி, மலத்தில் ரத்தம், மூச்சிரைப்பு வந்தால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். அப்போது பாலையும் தயிரையும் நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். மூச்சிரைத்தாலோ முகம் வீங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். "ஆட்டுப்பால் கொடுத்துப் பார்ப்போமே" என்று மாற்றுவதும் சரிவராது. பெரும்பாலும் அதுவும் ஒத்துக்கொள்ளாது.

பாலுக்குப் பதில் எது?

1 முதல் 3 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 500 மில்லி கிராம் சுண்ணாம்புச்சத்து வேண்டும். 100 மி.லி. பசும்பாலில் சுமார் 120 மி.கி. இருக்கிறது. இப்போது நம் அடுப்பங்கரையைப் பார்ப்போம்.

● கேப்பை மாவு 30 கிராம் (ஒரு வேளைக் கூழுக்கு): சுமார் 100 மி.கி.
● தயிர் ஒன்றரைச் சின்னக் கிண்ணம் (150 கிராம்): சுமார் 180 மி.கி.
● முருங்கைக்கீரை ஒரு சின்னக் கைப்பிடி (20 கிராம்): சுமார் 60 மி.கி.
● எள்ளுப்பொடி 2 டீஸ்பூன் (5 கிராம்): சுமார் 60 மி.கி.
● முட்டை ஒன்று: சுமார் 25 மி.கி.

கூட்டினால் 425 மி.கி. வந்துவிட்டது. மீதி, பருப்பிலும் உளுந்திலும் சின்ன மீனிலும் கிடைக்கும். நெத்திலி மாதிரி முள்ளோடு சாப்பிடுகிற மீன் இதற்கு ரொம்ப நல்லது. தொண்டிப் பக்கத்திலிருந்து நம்ம ஊருக்கு வருகிற மீன்தானே! நன்றாக வேகவைத்து, முள் தட்டுப்படாமல் விரலால் நசுக்கிச் சோற்றில் பிசைந்து கொடுங்கள். கருவாடாக இருந்தால் பலமுறை கழுவி உப்பை எடுத்துவிட வேண்டும்.

ஒரு விஷயம் கவனியுங்கள். பால் பிடிக்காத பிள்ளைகளில் நிறையப் பேர் தயிர்ச்சோறு விரும்பிச் சாப்பிடுவார்கள். தயிரும் பால்தானே! பாலில் இருக்கிற சுண்ணாம்புச்சத்தும் புரதமும் தயிரிலும் இருக்கின்றன. ஒவ்வாமை இல்லாத பிள்ளைக்கு இதுதான் முதல் வழி.

புரதக் கணக்கு இன்னும் சுலபம். இந்த வயதில் ஒரு நாளைக்கு 12 கிராம் அளவு வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கைப்பிடிப் பருப்பில் (25 கிராம்) 6 கிராம். கணக்கு முடிந்தது.

சைவம் மட்டும் சாப்பிடுகிற வீடுகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பி12 வைட்டமின் கீரையிலும் பருப்பிலும் கிடையாது. முட்டை, மீன் இல்லை, பால், தயிரும் இல்லை என்றால் டாக்டரிடம் சொல்லி அதற்கு மருந்து வாங்கித்தான் கொடுக்க வேண்டும். இதைத் தள்ளிப்போடக் கூடாது.

நம்ம வீட்டுச் சமையலிலேயே இருக்கிறது

செட்டிநாட்டுப் பக்கம் ஆடி மாதம் கும்மாயம் கிண்டாத வீடு குறைவு. அதைப் பலகாரமாகத்தான் நினைக்கிறோம். ஆனால் உளுந்தும் பாசிப்பருப்பும் அரிசியும் நெய்யும் சேர்ந்த அந்தக் கும்மாயம், பால் குடிக்காத பிள்ளைக்கு அருமையான சத்துணவு. ஆடிக்குக் காத்திருக்க வேண்டாம்.

செய்முறை: உளுந்து ஒரு கப், பாசிப்பருப்பு அரை கப், பச்சரிசி கால் கப். தனித்தனியாக வாசனை வரும் வரை வறுத்து, ஆறவைத்து, மாவாக அரைத்துச் சலித்து வைத்துக்கொள்ளுங்கள். வேண்டும்போது இரண்டு மேசைக்கரண்டி மாவை ஒரு ஸ்பூன் நெய்யில் வறுத்து, வடிகட்டிய கருப்பட்டித் தண்ணீர் ஊற்றி, கட்டி விழாமல் கிண்டி வேகவைக்க வேண்டும். பெரியவர்களுக்குக் கிண்டுவதைவிட இனிப்பைக் குறைத்து, இளக்கமாக எடுங்கள்.

கேப்பையை அப்படியே அரைப்பதைவிட முளைகட்டி அரைப்பது நல்லது. ராத்திரி முழுக்க ஊறவைத்து, வடித்து, ஈரத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் ஒன்றிரண்டு நாளில் முளை வரும். நிழலில் காயவைத்து, லேசாக வறுத்து அரையுங்கள். முளைகட்டும்போது, சத்து உடம்பில் சேராமல் தடுக்கிற பொருள் குறைகிறது. கூழும் ரொம்பக் கெட்டியாகாமல் அதிக மாவு பிடிக்கும்.

ஒரு நாள் சாப்பாடு (ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு)

காலை: முளைகட்டிய கேப்பைக் கூழ், அல்லது இட்லியோடு எள்ளுப்பொடியும் நல்லெண்ணெயும்.
பத்து மணிக்கு: வாழைப்பழம் அல்லது வேகவைத்த முட்டை.
மதியம்: பருப்பும் முருங்கைக்கீரையும் போட்டுக் குழைய மசித்த சோறு, ஒரு ஸ்பூன் நெய். மேலே இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு. கீரையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர அது உதவும்.
நாலு மணிக்கு: கும்மாயம், அல்லது அங்கன்வாடியில் தருகிற சத்து மாவில் பிடித்த உருண்டை.
இரவு: தயிர்ச்சோறு, அல்லது மீனோ பருப்போ போட்ட சோறு.

ஒரு வேளைக்கு முக்கால் முதல் ஒரு கிண்ணம் (250 மி.லி. அளவு) போதும். பிள்ளையின் வயிறு சின்னது. மூன்று நான்கு வேளைச் சாப்பாடும், இடையில் ஒன்றிரண்டு தின்பண்டமும் என்று பிரித்துக் கொடுங்கள். முதல் நாள் துப்பினால் விட்டுவிடாதீர்கள். ஒரு புது ருசி பழக எட்டு, பத்து தடவை ஆகலாம்.

கூடாதவை: டீ, காப்பி வேண்டாம், இரும்புச்சத்து சேர விடாது. முழுக் கடலையைக் கையில் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துவிடும். பொடி செய்து கொடுங்கள். வளவுக்குள்ளேயே வளர்கிற பிள்ளையைத் தினமும் சிறிது நேரம் வெயில் படும்படி விளையாட விடுங்கள். சுண்ணாம்புச்சத்து எலும்பில் சேர வைட்டமின் டி வேண்டும்.

மாவு டப்பா தேவையா?

விளம்பரத்தைப் பார்த்து மாவு டப்பா வாங்க, குழுவில் கைமாற்று கேட்கிறவர்களும் உண்டு. அந்த மாவுகள் பலவற்றில் சர்க்கரைதான் கணிசமாக இருக்கிறது. இத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பெயரில் பட்டியலிட்டு விற்க வேண்டாம் என்று இணைய வணிக நிறுவனங்களுக்கு மத்திய அரசு 2024 ஏப்ரலில் அறிவுறுத்தியது. அந்தக் காசுக்கு முட்டையும் கேப்பையும் வாங்கினால் வீட்டில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளும் சாப்பிடலாம்.

தராசு சொல்வதுதான் சரி

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். பிள்ளைக்குச் சத்து சேருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? குடித்த பாலை அளந்து பார்த்தால் தெரியாது. பிள்ளையை நிறுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இது நம் பகுதிக்குப் புதிதில்லை. 1980ல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியபோது, மதுரை, ராமநாதபுரம் மாவட்டங்களும் அதில் இருந்தன. சிவகங்கை அப்போது ராமநாதபுரத்தோடு சேர்ந்திருந்தது. 1985ல்தான் தனி மாவட்டம் ஆனது. அந்தத் திட்டத்தில் 6 மாதம் முதல் 3 வயது வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் தானியமும் பருப்பும் வெல்லமும் சேர்ந்த சத்து உருண்டையை 90 நாள் கொடுத்தார்கள். எடை ஏறியதும் நிறுத்திவிட்டு, வீட்டுச் சாப்பாட்டை எப்படிக் கொடுப்பது என்று தாய்க்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு அந்த ஊர்களில் நன்றாகவே குறைந்தது. இன்று நமக்கும் அதே பாடம்தான்.

பிறந்த எடை ஒரு வயதில் மூன்று மடங்கும், இரண்டு வயதில் நான்கு மடங்கும் ஆக வேண்டும். ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் மாதம் சுமார் 200 கிராம் ஏறினால் நல்லது. அங்கன்வாடியில் எடை போட்டு, தாய் சேய் நல அட்டையில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். கோடு மேலே போனால், பால் குடிக்காவிட்டாலும் உங்கள் பிள்ளை நன்றாக வளர்கிறது என்று அர்த்தம். வீட்டில் திட்டினால் அட்டையை எடுத்துக் காட்டுங்கள்!

கோடு படுத்துவிட்டால் அல்லது இறங்கினால் சும்மா இருக்கக் கூடாது. கிராம சுகாதார செவிலியரிடம் காட்டுங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து எடை ஏறவில்லை, கண்ணும் உள்ளங்கையும் வெளுத்திருக்கிறது, அடிக்கடி பேதியாகிறது, கால் வீங்குகிறது, அங்கன்வாடியில் கைச்சுற்றளவு 11.5 செ.மீட்டருக்குக் கீழே வருகிறது என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். இரும்புச்சத்து சிரப், வைட்டமின் ஏ, குடற்புழு மாத்திரை எல்லாம் அரசு இலவசமாகவே தருகிறது. இரண்டு வயது முடிந்த பிள்ளைக்கு அங்கன்வாடி மதியச் சாப்பாட்டில் வாரம் 3 முட்டையும் உண்டு. இதெல்லாம் நம் பிள்ளைகளுக்கு உரியது. கேட்டு வாங்குவோம்.

கூட்டத்தில் பேச வேண்டிய கேள்விகள்

1. நம் குழுவில் 3 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? போன மாதம் எத்தனை பேருக்கு எடை போட்டோம்?
2. பால் குடிக்காத பிள்ளைகள் யார் யார்? தயிர் சாப்பிடுகிறார்களா?
3. நேற்று ஒவ்வொரு பிள்ளையும் என்ன சாப்பிட்டது? பருப்பு, கீரை, முட்டை இருந்ததா?
4. கேப்பை, உளுந்து, எள் ஆகியவற்றைக் குழுவாகச் சேர்ந்து மொத்தமாக வாங்கி அரைத்துப் பங்கிட்டுக்கொள்ளலாமா?

பேசி முடித்ததைத் தீர்மான நோட்டில் எழுதி, ஊக்குநர் கையெழுத்துப் போட்டு வையுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, கடன் பாஸ்புத்தகத்தோடு பிள்ளையின் எடை அட்டையையும் கொண்டு வாருங்கள். இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.