ரீஸ்டார்ட்டுக்கு முன்னால்

அன்புள்ள தம்பிக்கு,

வேலையில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது, அதற்குள் இரவு ஷிஃப்டில் தனியாக உட்கார வைத்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். நல்லதுதான். இந்த வேலை இரவு இரண்டு மணிக்குத்தான் கைக்கு வரும். பகலில் என்றால் பக்கத்து சீட்டுக்காரர் வந்து கீபோர்டைப் பிடுங்கிக்கொள்வார்.

நீ முதலில் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் ஒரு பக்கம் முழுக்க எரர் வரிகள். அடியில், "அக்கா, டேட்டாபேஸ் டவுனா?" என்று ஒரு கேள்வி. அந்தப் படத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. ஜாவா காரணத்தைக் கடைசியில்தான் சொல்லும். 'காஸ்டு பை' என்று தொடங்கும் வரிகள் ஒன்றன் கீழ் ஒன்றாக வரும். ஆக அடியில் இருப்பதுதான் முதலில் நடந்தது. நீ அதற்கு இரண்டு விரல் மேலேயே படத்தை வெட்டியிருந்தாய். இனிமேல் படம் வேண்டாம், லாக் கோப்பையே அனுப்பு.

டவுனா இல்லையா என்ற கேள்வியை, டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் டிபிஏவிடம் விட்டுவிடு. நீ கேட்க வேண்டியது, இணைப்பு எதுவரை போய் நின்றது என்பது. டிரைவர் கிடைத்ததா, எதிர் மெஷின் வரை போனதா, வாசலில் ஆள் இருந்தாரா, பாஸ்வேர்டு செல்லுபடி ஆனதா, உள்ளே இடம் இருந்ததா. ஒவ்வொரு எரரும் இவற்றில் ஏதோ ஓர் இடத்தில் நின்றுகொண்டு பேசுகிறது.

'நோ சூட்டபிள் டிரைவர்' என்று வந்தால் எல்லோரும் டிரைவரின் ஜார் கோப்பு இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஜார் அங்கேயே இருந்தும் அது வரும். டிரைவர்மேனேஜர் தன்னிடம் பதிவான டிரைவர்களை வரிசையாகக் கூப்பிட்டு, இந்த முகவரி உன்னுடையதா என்று கேட்கும். போஸ்ட்கிரெஸ் டிரைவர், முகவரியில் 'போஸ்ட்கிரெஸ்க்யூஎல்' என்று முழுதாக இருந்தால்தான் தலையாட்டும். யாராவது செல்லமாக 'போஸ்ட்கிரெஸ்' என்று சுருக்கியிருந்தால் எனக்கில்லை என்று ஒதுங்கிக்கொள்ளும். எல்லோரும் ஒதுங்கிய பிறகு வருவதுதான் அந்தச் செய்தி. ஆகவே முதலில் முகவரியை எழுத்து எழுத்தாகப் படி.

2006 கடைசியில் ஜாவா 6 வந்த பிறகு, ஜார் இருந்தால் டிரைவர் தானாகப் பதிவாகிவிடும் என்று பாடத்தில் படித்திருப்பாய். ஆனால் உன் அப்ளிகேஷன் ஓடும் டாம்கேட்டில், டிரைவர்களைத் தேடும் வேலை சர்வர் எழும்போதே ஒருமுறை நடந்து முடிந்துவிடும். உன் அப்ளிகேஷனின் வெப்-இன்ஃப் லிப்புக்குள் இருக்கும் ஜார் அப்போது அதன் கண்ணில் படாது. இணைப்புகளைத் திறந்து வைத்துக் கேட்பவர்களுக்குக் கொடுக்கும் பூலை டாம்கேட்டே நடத்துகிறது என்றால் ஜாரை டாம்கேட்டின் சொந்த லிப்பில் போடு. ஒன்றே ஒன்று போடு. பழைய பதிப்பு 'இருக்கட்டும்' என்று பக்கத்தில் கிடக்கக் கூடாது.

உனக்கு வந்தது இதற்கும் முந்தைய கட்டம். நீ பிறகு அனுப்பிய வரியைத் திரும்பப் பார். டிரைவர் வகுப்பின் பெயர் வர வேண்டிய மேற்கோள் குறிகளுக்கு நடுவே ஒன்றுமே இல்லை, முகவரி வர வேண்டிய இடத்தில் 'நல்' என்று இருக்கிறது. டாம்கேட்டுக்கு உன் டேட்டாசோர்ஸ் விவரமே கிடைக்கவில்லை. வெப் எக்ஸ்எம்எல்லில் ஒரு பெயரும் கான்டெக்ஸ்ட் எக்ஸ்எம்எல்லில் இன்னொரு பெயரும் இருக்கும், அல்லது சர்வர் எக்ஸ்எம்எல்லில் எழுதிவிட்டு அப்ளிகேஷனோடு இணைக்கும் ரிசோர்ஸ்லிங்கை விட்டிருப்பார்கள். பாக்கெட் ஒன்றுகூட மெஷினை விட்டு வெளியே போகவில்லை. இதற்கு நெட்வொர்க் குழுவுக்கு டிக்கெட் போட்டிருக்கிறாய் பார், அதை விடிவதற்குள் மூடிவிடு.

நெட்வொர்க் சமாசாரம் சின்னது. 'ரிஃப்யூஸ்டு' என்றால் அந்த மெஷின் வரை போய்விட்டாய், அந்த போர்ட்டில் கேட்பவர் இல்லை. (புதிதாகப் போட்ட போஸ்ட்கிரெஸ் தன் மெஷினுக்குள்ளிருந்து வருவதை மட்டுமே கேட்கும், அதை மாற்ற மறந்திருப்பார்கள்.) 'டைம்டு அவுட்' என்றால் வழியில் யாரோ பாக்கெட்டை விழுங்குகிறார்கள், அநேகமாக ஃபயர்வால். 5432ஓ 1521ஓ, போர்ட்டைத் தொட்டுப் பார்ப்பதை அப்ளிகேஷன் சர்வருக்குள் போய்ச் செய். உன் லேப்டாப்பிலிருந்து திறக்கிறது என்பதால் ஒன்றும் தெரிந்துவிடாது.

பாஸ்வேர்டில் ஒரு கண்ணிவெடி உண்டு. ஆரக்கிள் 11ஜியிலிருந்து, யாரும் மாற்றாவிட்டால் பாஸ்வேர்டின் ஆயுள் 180 நாள். தவறான பாஸ்வேர்டோடு 10 முறை வந்தால் கணக்கு பூட்டிக்கொள்ளும். டிபிஏ பாஸ்வேர்டை மாற்றிவிட்டு உங்களிடம் சொல்ல மறந்தார் என்று வை. அன்றைக்கு எதுவும் ஆகாது. ஏற்கனவே திறந்த இணைப்புகள் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு வாரம் கழித்து யாரோ சர்வரை ரீஸ்டார்ட் செய்வார்கள். பூல் பழைய பாஸ்வேர்டோடு கதவைத் தட்டித் தட்டிக் கணக்கைப் பூட்டிவிடும், அதன் பிறகு சரியான பாஸ்வேர்டைப் போட்டாலும் திறக்காது. 'ரீஸ்டார்ட்டுக்குப் பிறகுதான் பிரச்சினை' என்று ரிப்போர்ட் எழுதுவார்கள்.

பூலுக்கு வருகிறேன். என்னை நாலு நாள் தூங்கவிடாமல் அடித்தது அதுதான்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் டாம்கேட் 7ஐ 8.5க்கு ஏற்றினோம். கான்ஃபிக் கோப்பை அப்படியே நகல் எடுத்து வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சுகம். திங்கட்கிழமை காலை பத்தரைக்கு அப்ளிகேஷன் உறைந்தது. லாக்கின் கடைசியில் எரர் ஒன்றுகூட இல்லை. டேட்டாபேஸ் மெஷினில் சிபியு சும்மா கிடக்கிறது. "எங்க பக்கம் ஒண்ணும் இல்ல" என்றார் டிபிஏ. நான் நம்பவில்லை, வாக்குவாதம் முற்றியது. ரீஸ்டார்ட் செய்தோம், சரியானது. மதியம் மறுபடி உறைந்தது. மறுநாளும் அதே கதை.

டிபிஏ சொன்னது உண்மை. டாம்கேட் 8க்கு உள்ளே வரும் பூல் டிபிசிபி 2. அதில் 'மேக்ஸ்ஆக்டிவ்' என்ற பெயர் 'மேக்ஸ்டோட்டல்' ஆகிவிட்டது, 'மேக்ஸ்வெயிட்' 'மேக்ஸ்வெயிட்மில்லிஸ்' ஆகிவிட்டது. பழைய பெயரில் நாங்கள் எழுதிய 100ஐ அது கண்டுகொள்ளவில்லை. தன் வழக்கமான 8ஐ எடுத்துக்கொண்டது. காத்திருக்கும் நேரத்துக்கு நாங்கள் வைத்த வரம்பையும் கண்டுகொள்ளவில்லை, எவ்வளவு நேரமானாலும் காத்திரு என்பதே அதன் வழக்கம். 200 த்ரெட், 8 இணைப்பு. மிச்சமிருந்த 192ம் வாய் திறக்காமல் வரிசையில் நின்றன. யாரும் தோற்கவில்லை, ஆகையால் எரர் இல்லை. (டாம்கேட்டோடு இன்னொரு பூலும் வருகிறது, டாம்கேட் ஜேடிபிசி என்று. அதில் இன்றைக்கும் மேக்ஸ்ஆக்டிவ்தான், வழக்கமான அளவு 100. கான்ஃபிக்கை எங்கிருந்தாவது ஒட்டுகிறாய் என்றால் அது எந்தப் பூலுக்கு எழுதியது என்று பார்.)

இதையெல்லாம் டாம்கேட் எங்களிடம் சொல்லியிருந்தது. மேக்ஸ்ஆக்டிவ் இப்போது கிடையாது, நீங்கள் கொடுத்த 100 புறக்கணிக்கப்படுகிறது, மேக்ஸ்டோட்டலைப் பயன்படுத்துங்கள் என்று, சர்வர் எழுந்த நேரத்து வரிகளுக்குள் ஒரு வார்னிங். நாலு நாளும் நாங்கள் லாக்கின் வாலையே பிடித்துக்கொண்டிருந்தோம். பிறகு டிபிஏவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். டீ வாங்கிக் கொடுத்தார்; இன்னும் கிண்டல் செய்கிறார்.

உங்கள் ப்ரொடக்ஷனில் அதிகாலை மூன்று மணி வாக்கில் உறைவதாகவும், ரீஸ்டார்ட் கொடுத்தால் சரியாவதாகவும், அது 'ப்ராசஸ்' ஆகவே எழுதி ஒட்டப்பட்டிருப்பதாகவும் சொன்னாய். பூல் குறுகலா, இணைப்பை எடுத்த நிரல் திருப்பித் தராமல் கசியவிடுகிறதா, எங்கோ ஒரு க்வெரி பூட்டில் சிக்கி நிற்கிறதா என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. மூன்றுக்கும் ரீஸ்டார்ட் மருந்துபோலத்தான் தெரியும், மூன்றின் தடயத்தையும் அது கழுவிவிடும்.

இன்றைக்கு உறைந்ததும் இரண்டு நிமிடம் கையைக் கட்டு. டாம்கேட் ஓடும் அதே யூசராக நுழைந்து, ஒவ்வொரு த்ரெட்டும் எங்கே நிற்கிறது என்று காட்டும் ஜேஸ்டாக்கைப் பத்து விநாடி இடைவெளியில் மூன்று முறை எடு. எத்தனை த்ரெட் பூலிடம் இணைப்பு கேட்டு நிற்கிறது என்று அதில் எண்ணிவிடலாம். எடுத்தவை என்ன செய்துகொண்டிருக்கின்றன என்பதும் அங்கேயே இருக்கும். அதே நேரத்தில் டிபிஏவை எழுப்பி, டேட்டாபேஸ் பக்கம் 'ஐடில் இன் டிரான்சாக்ஷன்' என்று எத்தனை செஷன் கிடக்கிறது என்று எடுத்துத் தரச் சொல். திட்டுவார், வாங்கிக்கொள். பிறகு ரீஸ்டார்ட் கொடு.

மூன்று ஜேஸ்டாக் கோப்பையும், சர்வர் கடைசியாக எழுந்த நேரத்து லாக்கையும் எனக்கு அனுப்பிவிட்டுப் போய்த் தூங்கு. நான் ஆறு மணிக்கு எழுந்துவிடுவேன்.

அன்புடன்,
அக்கா